பழைய மொத்த மருந்துக் கடையின் பேரேட்டை வாசிப்பது: குமரி மாவட்டக் கேள்வி பதில்

நாகர்கோவில்: மருந்துக் கடைப் பேரேட்டில் "1121 ஆவணி" என்றிருக்கிறது. எந்த வருஷம்?

அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு), ஆவணியில் பிறப்பது. ஆவணி முதல் மார்கழி 16 வரை 824 கூட்டுங்கள். மார்கழி 17 சுமாருக்கு ஜனவரி வந்துவிடும். அதிலிருந்து ஆடி முடிய 825. உங்களுடையது 1945.

அடுத்த சிக்கல் நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. வெளியூர்க் கம்பெனி பில்லையும் உள்ளூர் வரவையும் பிரிக்காமல் கூட்டினால் 100 ரூபாய்க்கு 50 சக்கரம் இடிக்கும். அதை லாபநஷ்டமென்று வரலாற்றில் எழுதிவிடுவீர்கள்.

தக்கலை: தாள் நொறுங்குகிறது. லேமினேட் செய்யலாமா?

கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல எடுத்து, படம்பிடித்து, அமிலமில்லாத காகித உறையில் படுக்கவையுங்கள்.

மார்த்தாண்டம்: 825 தானே? எல்லாரும் அதைத்தான் கூட்டுகிறார்கள்.

கூட்டுகிறார்கள், அதனால்தான் பாதிக் கணக்கு ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. 1125 தொடங்கியது 1949 ஆகஸ்டில். திருவிதாங்கூர்–கொச்சி விற்பனை வரிச் சட்டமே "1125" என்ற ஆண்டைத் தாங்கியது. அந்த 1125-ஐ 1950 என்று மட்டும் எழுதினால் முதல் நான்கரை மாதம் காணாமல் போகும்.

குளச்சல்: தமிழ் மாதமும் மலையாள மாதமும் ஒரு நாள் மாறுமே. உங்கள் 16, 17 நிற்குமா?

நல்ல கேள்வி. மாதம் பிறக்கும் சங்கராந்தி நேரத்தைக் கணக்கில் எடுக்கும் முறை வேறு என்பதால் ஒரு நாள் முன்பின்னாகும். மார்கழி 15 முதல் 18 வரையுள்ள பில்லில் கிழமை இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். கிழமை இல்லையென்றால் இரண்டு வருஷத்தையும் குறியுங்கள். மற்ற தேதிகளுக்கு இந்தச் சந்தேகமே வேண்டாம்.

இரணியல்: மருந்து விற்பனை உரிமத்தில் தேதி அழிந்திருக்கிறது.

படிவ எண்ணைப் பாருங்கள். 20பி, 21பி என்றால் மொத்த வியாபாரம். வெறும் 20, 21 சில்லறை. அதில் குறித்த மருந்துச் சட்டத்தின் பெயரில் அழகுசாதனப் பொருட்களும் இருந்தால் 1962 திருத்தத்துக்குப் பிந்தையது. உரிமம் தந்த அரசின் பெயரையும் பாருங்கள்: 1956 நவம்பர் 1 வரை நாம் திருவனந்தபுரத்தின் கீழ். அதற்குப் பிறகு 1969 ஜனவரி வரை மெட்ராஸ் மாநிலம்.

பத்மநாபபுரம்: "1118 தை" எந்த வருஷம்?

முதல் பதிலிலேயே இருக்கிறது. 1943.

குலசேகரம்: லெட்டர்பேடில் பின்கோடு இல்லை. பழசா?

பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. இல்லாததை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

திங்கள்நகர்: மாதமில்லாமல் "1119" மட்டும்?

1943–44.

பூதப்பாண்டி: முதல் பக்கத்தை மட்டும் லேமினேட் செய்தால்?

அதையும் வேண்டாம்.