இரண்டு நகலும் ஒத்துவராதவரை எழுத வேண்டாம்

திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியில் கோர்பூட் (கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல மென்பொருள்) போடுவதற்காக, பயாஸ் இருக்கும் சிப்பை இரண்டு தடவை படித்தீர்கள், கோப்புகள் வேறுவேறாக வந்தன, இருந்தாலும் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது எழுதாதீர்கள்.

சிப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப் சரியாக உட்காராததுதான் வழக்கமான காரணம். பேட்டரி, சார்ஜர் இரண்டையும் கழற்றுங்கள். சிப்பின் கால்களைத் துடைத்துவிட்டு கிளிப்பை மறுபடி மாட்டுங்கள், ஒயர்களை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். சிப்பைப் படிக்க, எழுத உங்களிடம் இருக்கும் கருவி கறுப்பு நிற சிஎச்341ஏ என்றால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: அவற்றில் பல, 3.3 வோல்ட் சிப்பின் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் அனுப்புகின்றன.

இந்த மாடலில் சிப் இரண்டு, ஒன்று 8 எம்பி, இன்னொன்று 4 எம்பி. ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்து கோப்புகளின் ஷா256 மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் மட்டும் அதை நகல் என்று நம்பலாம். அதைப் பத்திரமாக இரண்டு இடங்களில் வையுங்கள். ஈதர்நெட்டின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் கணினியின் அடையாள எண்) 8 எம்பி சிப்பில்தான் இருக்கிறது, வேறொருவரின் கோப்பில் உங்களுடையது கிடைக்காது.

இன்டெல் எம்இ-யை (சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்டெலின் மேலாண்மை மென்பொருள்) முழுசாக அழிக்கும் ஆசை புரிகிறது, எனக்கும் அது இருந்தது. ஆனால் எக்ஸ்230-இல் மொத்தமாக நீக்கினால் சுமார் 30 நிமிடத்தில் இயந்திரம் அணைந்துவிடும். எம்இ_கிளீனர் என்ற நிரலைக் கொண்டு பெரும்பகுதியை வெட்டலாம், கொஞ்சம் மிஞ்சும். துளிகூட வேண்டாம் என்றால் பழைய எக்ஸ்200 தேடுங்கள், அதில் முழுவதும் நீக்க முடியும்.