நாய் சம்மதித்த பிறகுதான் கேமரா

தருமபுரியில் வசித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் செல்லப்பிராணிகளைப் படமெடுப்பதைத் தொழிலாகச் செய்துவரும் புகைப்படக் கலைஞர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஐயா, நான் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். நாய்கள் மீது எனக்குச் சிறுவயது முதலே அளவற்ற பிரியம். கேமராவும் ஓரளவு கைவந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு நாய்களைப் படமெடுத்தே பிழைக்க முடியுமா? வீட்டில் யாரும் நம்ப மறுக்கிறார்கள்.
— ஒரு வாசகி, பாலக்கோடு

முடியும். ஆனால் தருமபுரி நகரத்துக்குள் மட்டும் நின்றுகொண்டால் மாதம் முழுவதற்கும் வேலை கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் திருமணம், காதணி விழா, வளைகாப்பு என்று வரும் வேலைகளை விட்டுவிடாதீர்கள். வீட்டு வாடகையையும் லென்ஸ் கடனையும் அடைப்பவை அவைதாம். செல்லப்பிராணிகளுக்கான அழைப்புகள் பெரும்பாலும் ஓசூரிலிருந்தும் அதற்கு அப்பால் பெங்களூருவிலிருந்தும் வரும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் இரு மாவட்டங்களையும் அந்த நகரங்களோடு இணைத்திருப்பது நமக்கு வாய்த்த நன்மை. ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயின் பிறந்தநாளுக்குப் படமெடுக்க அழைப்பவர்கள் இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவு யாருடையது, எத்தனை படங்களைத் திருத்தித் தருவீர்கள், ஆல்பம் கட்டணத்தில் அடங்குமா என்பவற்றைப் புறப்படும் முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். கருவிகள் வாங்கப் பணம் வேண்டுமென்றால் வங்கிகளில், சிறுதொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அதில் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் கடன் உண்டு.

நகரத்தில்தான் வாடிக்கையாளர் இருக்கிறார், கிராமத்தில் நாயைக் காவலுக்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயி தம்முடைய ஆலம்பாடி மாடுகளைப் படமெடுக்க என்னை அழைத்திருந்தார். வேலை முடிந்து பையை மூடும் நேரத்தில் அவருடைய தாயார் கொட்டகையிலிருந்து ஒரு நாட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, “இவனையும் ஒண்ணு எடுங்க தம்பி” என்றார். நான் கேமராவைத் தூக்குவதற்குள் முந்தானையால் நாயின் கண்ணோரத்துப் பீளையை ஒற்றியெடுத்து, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளையும் பிடுங்கிப் போட்டார். மாடுகளின் படங்கள் கைபேசியிலேயே இருந்துவிட, சட்டம் போட்டு அந்த வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது அந்த நாயின் படம்தான். கேட்கத் தயங்குகிறவர்கள் நம் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டும்படியான விலையில் ஒரு பிரிண்ட் போட்டுத் தர நீங்கள் தயாராக இருந்தால் போதும்.

இன்னொன்றையும் உங்கள் வீட்டார் கேட்கும்படி சொல்கிறேன். தொழிலில் இறங்கும் முன் மருத்துவரைப் பார்த்து, முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்ட பிறகும், நாய் கடித்தாலோ பல் கீறினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டு நாய்தானே என்று இதில் சலுகை காட்டக் கூடாது.

எங்கள் கன்னி இன நாய் நல்ல கருப்பு. எப்படி எடுத்தாலும் படத்தில் கரிக்கட்டை போல் ஒரு திட்டுதான் விழுகிறது. பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாயோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

கேமராவை மாற்ற வேண்டாம். நாய் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். தன் முன்னால் இருப்பது கருப்பா வெளுப்பா என்று கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே அது முயலும். ஆகவே வெயில் பட்ட வானமோ வெள்ளைச் சுவரோ பின்னணியில் இருந்தால் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப அது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடுகிறது. முன்னால் நிற்கும் கருப்பு நாய் இருளில் மூழ்கிவிடுகிறது. நேர்மாறாக, கருப்பு நாயின் முகமே படச்சட்டம் முழுவதையும் நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது மை போன்ற அந்த ரோமம் சாயம் போன துணியாகத் தெரியும். முதல் நிலையில் எக்ஸ்போஷரைக் கூட்டவும், இரண்டாவதில் குறைக்கவும் வேண்டும். வெள்ளை நாய் சட்டத்தை நிறைத்தால் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டலாம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்). நண்பகல் வெயிலில் மட்டும் வெள்ளை நாயை எடுக்கவே வேண்டாம், ஏனென்றால் முதுகு ரோமம் ஒருமுறை வெந்து வெளுத்துவிட்டால் எந்தத் திருத்தத்தாலும் அதை மீட்க முடியாது.

உங்கள் ஊரைச் சுற்றி மாந்தோப்புகளுக்குக் குறைவில்லை. காலை எட்டு மணிக்குள், அடர்ந்த மாமரத்து நிழலின் ஓரத்தில், திறந்த வெளியைப் பார்த்தபடி நாயை உட்கார வையுங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் மெல்லிய வெளிச்சத்தில் கருப்பு ரோமத்தின் பளபளப்பும், கன்னி நாய்க்கே உரிய புருவத்துச் செம்பொட்டுகளும், விலா எலும்பின் வளைவும் தனித்தனியாகத் தெரியும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்பொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பு நாய்க்கு உயிர் கொடுப்பது அதுதான். இலைகளின் இடுக்கு வழியாக விழும் வெயில் திட்டுகள் முகத்தில் படாமலும் கவனியுங்கள். மாம்பூ விடும் பருவத்தில் மருந்து தெளிப்பார்கள் என்பதால், தோப்புக்காரரைக் கேட்காமல் நாயை உள்ளே விடாதீர்கள். நேரடியாகப் பிளாஷ் அடிக்க வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் கண்கள் பச்சையாக எரிவதுபோல் பதிவாகும்.

விலங்குகளின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியை 2019-இல் சோனி தன் கேமராக்களில் கொண்டுவந்தது. பின்னர் கேனானும் நிக்கானும் கொண்டுவந்தன. அது பெரிய உதவிதான். ஆனாலும் கருப்பு முகத்தில் கருவிழியைப் பிரித்தறிய அது தடுமாறும். அந்த நேரத்தில் ஃபோகஸ் புள்ளியை நீங்களே கண்ணில் வைக்க வேண்டும்.

கேமராவைப் பார்த்தாலே எங்கள் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிடித்து நிறுத்தினால் கொட்டாவி விடுகிறது. சோம்பேறித்தனமா, பிடிவாதமா?
— ஒரு வாசகர், ஊத்தங்கரை

இரண்டும் இல்லை, அது உங்களிடம் பேசுகிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்மை தெரிய ஓரமாகப் பார்ப்பது, காதைப் பின்னால் மடக்கிக்கொள்வது, வாலை ஒடுக்குவது எல்லாம் ‘எனக்கு இது பிடிக்கவில்லை, சற்று விலகுங்கள்’ என்று நாய் சொல்லும் முறைகள். இவற்றை மதிக்காமல் நெருங்கினால் அடுத்ததாக உறுமலும், அதற்கும் அடுத்ததாகக் கடியும் வரும். பிடித்து நிறுத்தி எடுத்த படத்தில் அந்த நாயின் உருவம் இருக்கும்; நீங்கள் வீட்டில் அறிந்த அந்த நாய் இருக்காது.

லென்ஸின் பெரிய கண்ணாடி, நாய்க்கு இமைக்காமல் முறைத்துப் பார்க்கும் ஒரு கண்ணாகத் தோன்றலாம். நான் ஒரு வீட்டுக்குப் போனால் கேமராப் பையைத் திறந்து தரையில் வைத்துவிட்டு, நாயைப் பார்க்காமல் வீட்டாரோடு பேசிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிடுவேன். நாய் தானாக வந்து பையை மோந்து, என் காலணியை மோந்து, சலித்துப்போய்ப் படுக்கும் வரை கேமரா வெளியே வராது. இதை எனக்குக் கற்றுத்தந்தது என் வீட்டு நாட்டு நாய் செம்பிதான். புதியவர் வந்தால் அவள் முதலில் திண்ணைக்கு அடியில் போய்விடுவாள். யார் தன்னைக் கூப்பிடாமல் இருக்கிறாரோ அவரிடம்தான் முதலில் வருவாள்.

நாய் இளகிய பிறகு வயிறு தரையில் பட நீங்களும் படுத்துவிடுங்கள். புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த ஒரு புகழ்பெற்ற படத்தில், தொப்பி அணிந்த ஒரு சின்னஞ்சிறு சிவாவா நாயும், அதன் பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் அணிந்த கால்களும், கிரேட் டேன் நாயொன்றின் நெடிய முன்னங்கால்களும் மட்டுமே இருக்கும். சட்டத்துக்குள் முகம் காட்டுவது அந்தச் சிறிய நாய் ஒன்றுதான். நாயின் உயரத்துக்கு இறங்கியதால் கிடைத்த படம் அது. விளையாட்டுக் காட்டுவதாக இருந்தால் நீலப் பந்தோ மஞ்சள் பந்தோ எடுத்துச் செல்லுங்கள். சிவப்பையும் பச்சையையும் நாயால் பிரித்தறிய முடியாது. ஆகவே புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதன் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. ஓடும் நாய்க்கு ஷட்டர் 1/1000 நொடி வேகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கீச்சென்று ஒலிக்கும் பொம்மையை ஓரிரு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள். நாய் தலையைச் சாய்த்துக் கேட்கும் அந்த அழகு மூன்றாவது முறை கிடைக்காது.

ஒகேனக்கல்லில் அருவிப் பின்னணியில் எங்கள் லாப்ரடாரைப் படமெடுக்க ஆசைப்படுகிறோம். எந்த மாதம் போகலாம்?
— ஒரு வாசகர், மொரப்பூர்

எந்த மாதமும் வேண்டாம். பாறைகள் வழுக்கும், நீரின் இழுப்பு கடுமையானது, கூட்டமும் சத்தமும் நாயைக் கலங்கடிக்கும். சுற்றியுள்ள காடு காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களைச் சேர்ந்தது. வீட்டு நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றக்கூடும். சிறுத்தைக்கோ நாய் எளிதான இரை. நீர் வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஏரிக்கரையில் விடியற்காலையில் எடுங்கள்.

45 நாள் குட்டி வாங்கியிருக்கிறோம். அழகு மாறுவதற்குள் வெளியில் புல்வெளியில் வைத்துப் படமெடுத்துத் தருவீர்களா?
— ஒரு வாசகி, ஓசூர்

உங்கள் வீட்டுக்குள், சன்னலோரத்தில் எடுத்துத் தருகிறேன். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிக்கு 16 வாரம் ஆகித் தடுப்பூசி வரிசை முடியும் வரை பல நாய்கள் நடமாடும் இடத்தில் அதை இறக்கிவிடக் கூடாது. வீடு வீடாகப் போகும் எங்களைப் போன்றவர்களே நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதால், குட்டி இருக்கும் வீட்டுக்கு அன்றைய முதல் வேலையாகத்தான் வருவேன். விரிப்புகளை பிளீச்சிங் கரைசலில் அலசியிருப்பேன். காலணியை வாசலிலேயே விட்டுவிடுவேன். வேறு யாரை அழைத்தாலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

மனிதர்கள் சோற்றுக்குத் திண்டாடும் நாட்டில் நாய்க்குப் பணம் கொடுத்துப் படமெடுப்பது வீண் ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு உறுத்தவில்லையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், அரூர்

மதிப்புக்குரிய ஐயா, உறுத்தவில்லை. தங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கால்நடைகளுக்காக நடந்த பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. கல்லை வெட்டிக் கொண்டுவந்து, சிற்பிக்குக் கூலி கொடுத்து, நாயின் பெயரையும் பொறிக்கச் சொன்னவர்கள் செல்வத்தில் புரண்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்; மாடு மேய்த்து வாழ்ந்த ஊரார். தங்களுக்காக நின்ற ஓர் உயிரை உருவமாக வைத்துப் போற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் புதிதாக முளைத்தது அன்று. நான் அதைக் கேமராவால் செய்கிறேன். நாய்க்கு முடிவெட்டி, கவுன் மாட்டி, கேக் முன்னால் நிறுத்தும் வழக்கம் எனக்கும் பிடிக்காது. அதில் நாய்க்கு மகிழ்ச்சி இல்லை என்பதே என் காரணம். செலவு அதன் பிறகுதான்.

எங்கள் பொமரேனியனுக்கு வயது 14. எழுந்து நிற்க முடியவில்லை, கண்ணும் மங்கிவிட்டது. இந்த நிலையில் படமெடுக்க வேண்டுமா என்று வீட்டில் இருவேறு கருத்து.
— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

எடுங்கள், இந்த வாரமே எடுங்கள். என்னிடம் வரும் அழைப்புகளில் மனத்தை மிகவும் வருத்துபவை, நாய் இறந்த பின் பழைய கைபேசிப் படத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்பவை. எழுப்பி நிறுத்த வேண்டாம். அது வழக்கமாகப் படுக்கும் கோணிச் சாக்கிலேயே, வழக்கமாகத் தூங்கி விழிக்கும் நேரத்திலேயே எடுக்கலாம். தினமும் சோறு பிசைந்து வைப்பவர் யாரோ அவர் அருகில் உட்கார்ந்து கையை அதன் கழுத்தில் வைத்திருக்கட்டும். பார்வை மங்கினாலும் தொடுதலையும் வாசனையையும் அது அறியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் மங்கிய விழியும் மென்மையாகப் பதிவாகும். மூக்கைச் சுற்றி நரைத்த ரோமத்தைக் கணினியில் திருத்திக் கருப்பாக்கச் சொல்லாதீர்கள். அந்த நரை உங்கள் வீட்டில் வந்தது. வேலை அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நான் பணம் கொடுத்து எடுத்த என் நாயின் படங்களை ஸ்டூடியோக்காரர் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார். உரிமை யாருக்கு?
— ஒரு வாசகர், பர்கூர்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் விளம்பரத்துக்கு அனுமதி தந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் படத்தை எடுத்துவிடும்படி எழுத்தில் கேளுங்கள். நான் இதற்கெனத் தனித் தாள் வைத்திருக்கிறேன். ‘சம்மதம் இல்லை’ என்று எழுதுபவர்களுக்கும் கட்டணம் அதேதான்.