தாகமும் தாழும் நிலமும்: ஜகார்த்தா குறித்து வாசகர் கேள்விகள்

மக்கள்தொகையில் உலகின் மிகப் பெரிய நகரம் இந்தோனேசியாவின் ஜகார்த்தா என்று ஐ.நா. அவை 2025 நவம்பரில் அறிவித்ததைத் தொடர்ந்து, அந்த நகரத்தைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டோக்கியோதான் பெரிய நகரம் என்று படித்து வந்தோம். திடீரென்று ஜகார்த்தா முந்திவிட்டது எப்படி? இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?
— கல்லூரி மாணவி, சேலம்

மக்கள் திடீரென்று வந்துவிடவில்லை. எண்ணும் முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் நகரத்துக்கு வகுத்துக்கொண்ட எல்லையையே முன்பு ஐ.நா. பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. புதிய அறிக்கையோ அந்த எல்லைக்கோடுகளை ஒதுக்கிவிட்டு, மக்கள் இடைவெளியின்றி நெருக்கமாக வாழும் பரப்பு முழுவதையும் ஒரே நகரமாகக் கொள்கிறது. அவ்வாறு கணக்கிட்டால் ஜகார்த்தாவில் ஏறத்தாழ 4.2 கோடிப் பேரும், டாக்காவில் 3.7 கோடிப் பேரும், டோக்கியோவில் 3.3 கோடிப் பேரும் வாழ்கிறார்கள்.

ஆனால் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜகார்த்தா மாகாணத்தின் மக்கள்தொகை 1.06 கோடிதான். எஞ்சியவர்கள் போகோர், டெபோக், தாங்கெராங், பெக்காசி முதலிய சுற்றுவட்டார நகரங்களிலும் அவற்றையும் தாண்டிப் பரவிய குடியிருப்புகளிலும் வாழ்கிறார்கள். அவை மேற்கு ஜாவா, பாந்தன் என்னும் வேறு இரு மாகாணங்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஜகார்த்தாவின் குப்பை பெக்காசியிலுள்ள பாந்தார் கெபாங் கிடங்குக்குப் போகிறது. ஜகார்த்தாவை மூழ்கடிக்கும் வெள்ளத்தின் பெரும்பகுதி போகோர் மலைச்சரிவுகளிலிருந்து வருகிறது. நகரம் ஒன்று, ஆள்பவர்கள் பலர் என்னும் இந்த நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பதில்களைப் படியுங்கள்.

பருவநிலை மாற்றத்தால் கடல் உயர்ந்து ஜகார்த்தா மூழ்குகிறது என்று செய்திகளில் வருகிறது. உண்மையா?
— பள்ளி ஆசிரியர், நாகப்பட்டினம்

பாதி உண்மை, அதிலும் சிறிய பாதி. உலக அளவில் கடல் மட்டம் ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயர்கிறது. வடக்கு ஜகார்த்தாவின் நிலமோ மிக மோசமான இடங்களில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கும் தாழ்ந்திருக்கிறது. கடற்கரையை ஒட்டிய சில பகுதிகள் 1970களிலிருந்து இன்றுவரை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டன. நகரப் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு இன்று கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. முவாரா பாரு என்னும் துறைமுகப் பகுதியில் கடற்சுவருக்கு வெளியே, கைவிடப்பட்டு நீரில் நிற்கும் வால் அதூனா பள்ளிவாசலின் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே கடல் மேலேறி வந்ததைவிட, தொழுகை நடந்த தரை கீழே இறங்கியதுதான் பல மடங்கு அதிகம்.

நிலம் ஏன் இறங்குகிறது? ஜகார்த்தா, பதின்மூன்று ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல்மீது அமைந்த நகரம். அடியில் மணல் அடுக்குகளும் களிமண் அடுக்குகளும் மாறிமாறி இருக்கின்றன. மணல் அடுக்கிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்சும்போது, அதை ஒட்டிய களிமண்ணிலிருந்தும் நீர் மெல்ல வடிகிறது. களிமண் துகள்களுக்கு இடையே நின்று மேலுள்ள சுமையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த நீர்தான். அது வடிந்ததும் துகள்கள் நெருங்கி அழுந்துகின்றன. மேலே இருக்கும் தெருவும் வீடும் சேர்ந்து இறங்குகின்றன. இதில் மிகவும் கவலைக்குரியது, அழுந்திய களிமண் மீண்டும் பழைய பருமனுக்கு விரிவதில்லை என்பது. பிற்பாடு எவ்வளவு மழைநீரை உள்ளே இறக்கினாலும், இழந்த நான்கு மீட்டர் திரும்பி வராது. உயரமான கட்டடங்களின் சுமை, இளம் வண்டல் இயல்பாகவே படிந்து இறுகுவது ஆகிய காரணங்களும் உண்டு என்றாலும், தடுத்திருக்கக்கூடிய பெரிய காரணம் நிலத்தடி நீரை உறிஞ்சியதுதான்.

நிலம் இறங்கியதன் இன்னொரு விளைவு, ஆறுகள் கடலைச் சென்றடைய முடியாமல் போனது. ஆற்று வாயைவிடக் கடல் உயரமாக நிற்கும் இடங்களில், புளூயிட் நீர்த்தேக்கத்தில் நடப்பதுபோல, வெள்ளத்தை இயந்திரங்களால் இறைத்துக் கடலில் கொட்ட வேண்டியிருக்கிறது. 2020 புத்தாண்டு நாளில் கிழக்கு ஜகார்த்தாவின் ஹாலிம் விமான நிலையத்தில் ஒரே நாளில் 377 மி.மீ. மழை பதிவாகி, நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவ்வளவு மழையை எந்த நகரமும் எளிதில் தாங்காது. வடிய வழியற்ற நகரம் அதை எப்படித் தாங்கும்?

கிராமத்திலிருந்து மக்கள் வந்து குவிவதைத் தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது அல்லவா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை

தடுத்துப் பார்த்தார்கள், ஐயா. 1961இல் 29 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 45 லட்சத்தை எட்டிய காலம் அது. ஆளுநர் அலி சாதிகின் 1970இல் ஜகார்த்தாவை "மூடிய நகரம்" என்று அறிவித்தார். புதிதாக வருபவர் தமக்கு வேலையும் தங்குமிடமும் உண்டென்று காட்ட வேண்டும், ஊர் திரும்புவதற்கான பயணச் செலவை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றெல்லாம் விதிகள் போடப்பட்டன. மக்கள் வருவது நிற்கவில்லை. ஊரில் கிடைக்காத கூலி நகரத்தில் கிடைக்கும்போது, ஒரு அனுமதிச் சீட்டு யாரையும் நிறுத்திவிட முடியாது.

இதே அலி சாதிகின் காலத்தில்தான், 1969இல், கம்போங் மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. கம்போங் என்பது நகரத்துக்குள் தானாக வளர்ந்த, நெருக்கமான சிறு வீடுகளைக் கொண்ட குடியிருப்பு. அவற்றை இடித்துத் தள்ளாமல், மக்களை அங்கேயே இருக்கவிட்டு, நடைபாதை, வடிகால், பொதுக் குழாய், கழிப்பறை, சிறு மருத்துவ நிலையம் ஆகியவற்றை அமைத்துக் கொடுத்தார்கள். கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது 1980இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற திட்டங்களுள் இதுவும் ஒன்று. ஒரே ஆளுநர் செய்த இரண்டு முயற்சிகளில், கதவைச் சாத்தியது தோற்றது. வந்தவர்களுக்கு வடிகாலும் குழாயும் கொடுத்தது பலன் தந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் தர இயலாது.

பின்னாளில் அந்த அறிவு மங்கிவிட்டது. வடக்கு ஜகார்த்தாவில் கம்போங் அகுவாரியம் 2016 ஏப்ரலில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் இடிபாடுகளுக்கு நடுவே கூடாரம் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய விடாமுயற்சியால் அதே இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பி, 2021இல் அவர்கள் குடியேறத் தொடங்கினார்கள். அந்த ஐந்து ஆண்டுத் துன்பம் அவர்களுக்கு நேர்ந்திருக்கவே வேண்டியதில்லை.

பதின்மூன்று ஆறுகள் ஓடும் நகரத்தில் குடிநீருக்கு ஏன் நிலத்தைத் தோண்ட வேண்டும்?
— வாசகர், திருச்சி

இந்த வாரக் கேள்விகளில் அடிப்படையானது இதுதான். ஆறுகள் இருக்கின்றன, அவற்றின் நீரைப் பயன்படுத்த முடியவில்லை. கழிவுநீருக்கென்று தனிக் குழாய் வலை நகரத்தின் மிகச் சிறிய பகுதிக்கே இருப்பதால், வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஆறுகளிலேயே கலக்கின்றன. ஆகவே நகரக் குழாய்களுக்கான நீரின் பெரும்பகுதி, கிழக்கே சித்தாரும் ஆற்றின்மீது 1967இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாதிலுகூர் அணையிலிருந்து நீண்ட கால்வாய் வழியாக வந்து சேர்கிறது.

அந்த நீரை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை, அதிபர் சுகார்த்தோ ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1997இல் கையெழுத்தான 25 ஆண்டு ஒப்பந்தங்களின் மூலம் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். சிலிவுங் ஆற்றை எல்லையாக வைத்து நகரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேற்குப் பாதி பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்கும், கிழக்குப் பாதி பிரிட்டனின் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கும், அதிபரின் குடும்பத்துக்கும் அவருக்கு நெருக்கமானவர்களுக்கும் சொந்தமான உள்நாட்டுப் பங்காளிகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே இந்தோனேசிய நாணயமான ருப்பியாவின் மதிப்பு சரிந்து ஆட்சியும் கவிழ்ந்தது. மக்களிடம் வசூலிக்கும் கட்டணம் வேறு, நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகை வேறு என்று ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்ததால், இடைவெளி முழுவதும் நகர நீர் நிறுவனமான பாம் ஜாயாவின் தலையில் கடனாக ஏறியது. 2023 ஜனவரி இறுதியில் ஒப்பந்தங்கள் முடிவடைந்தபோது, மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு இன்னும் குழாய் நீர் எட்டவில்லை. குழாயில் விடப்பட்ட நீரிலும் பத்தில் நான்கு பங்குக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

குழாய் வராத ஏழை வீட்டார் ஆழம் குறைந்த கிணற்று நீரைப் பயன்படுத்தினார்கள். அது உப்பாகிவிட்ட கடலோரக் குடியிருப்புகளில் தள்ளுவண்டிக்காரரிடம் பிளாஸ்டிக் கேன்களில் விலைக்கு வாங்கினார்கள். விடுதிகளும் வணிக வளாகங்களும் ஆலைகளும் ஆழத்தில் துளையிட்டன. நிலத்தை அதிகம் தாழ்த்துவது இந்த ஆழமான உறிஞ்சல்தான். இதனால் ஒரு தீய சுழல் உண்டாயிற்று: நிறையப் பணம் கட்டக்கூடிய வாடிக்கையாளர் தம் சொந்தத் துளையோடு குழாய் வலையிலிருந்து விலகி நின்றார், வருவாய் குறைந்த வலை ஏழைத் தெருக்களுக்கு நீளவில்லை, நீளாத இடங்களில் மேலும் துளைகள் விழுந்தன. ஜகார்த்தா தாழ்ந்த கதையைக் கடலின் கதையாகச் சொல்வதை நான் மறுப்பது இதனால்தான். குழாய் போடத் தவறிய கதை அது.

தலைநகரை நுசந்தாராவுக்கு மாற்றுவதால் சிக்கல் தீருமா?
— வாசகி, கோவை

அரசு அலுவலகங்களின் சிக்கல் தீரலாம். அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ 2019 ஆகஸ்டில் அறிவித்து, 2022இல் சட்டமாக்கிய புதிய தலைநகரம், போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தான் பகுதியில், ஜகார்த்தாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 2045ஆம் ஆண்டுக்குள் அங்கே ஏறத்தாழ 19 லட்சம் பேர் வாழ்வார்கள் என்பது திட்டம். அது முழுமையாக நிறைவேறினாலும், 4.2 கோடியில் எத்தனை பேருக்கு அது விடையாகும் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கு ஜகார்த்தாவின் மீனவருக்கும் தெருவோரத்தில் உணவு விற்பவருக்கும் அங்கே வேலை இல்லை.

அப்படியானால் கடற்சுவர்தான் வழியா? நகரம் தாழ்வதை நிறுத்தவே முடியாதா?
— பொறியியல் மாணவர், தஞ்சாவூர்

நிறுத்த முடியும், நிறுத்திக் காட்டிய நகரம் டோக்கியோ. அங்கே கோதோ வட்டாரத்தில் சில இடங்கள் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தன. 1956இல் ஆலைகளுக்கும் 1962இல் கட்டடங்களுக்குமாக நிலத்தடி நீரெடுப்பைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. அவற்றோடு ஆற்று நீரைக் கொண்டுவரும் மாற்று ஏற்பாடுகளும் வந்தன. 1970களின் நடுவில் தாழ்வது பெரிதும் நின்றுவிட்டது. பின்னர் நிலத்தடி நீர் மட்டம் அங்கே எவ்வளவு உயர்ந்தது என்றால், டோக்கியோ, உயேனோ ரயில் நிலையங்களின் நிலத்தடித் தளங்கள் மேலே எழும்பிவிடாமல் இருக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. தடையும் மாற்று நீரும் ஒன்றாக வந்ததே அங்கே வெற்றிக்குக் காரணம். மாற்று நீர் தராமல் தடையை மட்டும் போட்டால், தடை தாளிலேயே இருக்கும்.

ஜகார்த்தாவும் அந்த வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறது. எட்டு மாடிக்குக் குறையாத அல்லது 5,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடங்கள், குறிப்பிட்ட பகுதிகளில் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்னும் விதி 2023 ஆகஸ்டு முதல் நடப்பில் இருக்கிறது. நகரம் முழுவதற்கும் குழாய் நீர் என்ற இலக்கையும் வைத்திருக்கிறார்கள். சில பகுதிகளில் தாழும் வேகம் முன்பைவிடக் குறைந்திருப்பது ஆறுதல் தருகிறது. கடற்சுவர், ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட பகுதியில் வாழ்பவர்களின் உயிரைக் காக்கக் கட்டாயம் வேண்டும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாவாவின் வடகரை நெடுக 8,000 கோடி டாலர் செலவில் பேசப்படும் பெருஞ்சுவருக்கு முன், தெருக் குழாய்க்கு முதல் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அடியில் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்தால் சுவரும் சேர்ந்து தாழும்.

ஜகார்த்தாவின் போக்குவரத்து நெரிசல் குறைந்திருக்கிறதா?
— வாசகர், ஈரோடு

தீரவில்லை, ஆனால் நகரம் சும்மா இருக்கவில்லை. 2004இல் ஒரே தடத்தில் தொடங்கிய டிரான்ஸ்ஜகார்த்தா தனித்தடப் பேருந்துச் சேவை, இன்று அவ்வகையில் உலகிலேயே நீளமானது. 2019 மார்ச்சில் முதல் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது.

எங்கள் ஊர்க் கிணறுகள் உப்பாகிப் பல காலம் ஆகிறது. ஜகார்த்தாவைப்போல் எங்கள் நிலமும் தாழுமா?
— விவசாயி, மீஞ்சூர்

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து சேர்த்த உங்கள் பகுதி நிலத்தில், நீரைத் தாங்கும் அடுக்குகள் பெரிதும் மணற்பாங்கானவை. மணல், களிமண்ணைப்போல் அழுந்துவதில்லை; எனவே ஜகார்த்தா அளவுக்கு நிலம் இறங்கும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே மணல், கடல்நீர் நுழைவதற்கு எளிதாக வழிவிடுகிறது. 1960களிலிருந்து சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் உங்கள் பகுதிக் கிணறுகளிலிருந்து இடைவிடாமல் நீர் எடுத்ததால், நன்னீர் பின்வாங்கிய இடத்துக்குக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. ஜகார்த்தாவில் நிலத்தின் உயரமாக வெளிப்பட்ட இழப்பு, உங்களிடம் நீரின் சுவையாக வெளிப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரெடுப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1987இல் வந்தது. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் உங்கள் மீஞ்சூரிலேயே திறக்கப்பட்டது. களிமண்ணைப்போல் அல்லாமல், மணல் அடுக்கு மீண்டும் நன்னீரை ஏற்றுக்கொள்ளக் கூடியது. ஆனால் அதற்கு நீரெடுப்பு குறைய வேண்டும். ஆற்றில் வரும் மழைவெள்ளம் தடுப்பணைகளில் நின்று நிலத்துக்குள் இறங்க வேண்டும். ஆற்று மணலை அள்ளுவதும் நிற்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து, அந்த அளவுகளை ஆண்டுதோறும் ஒரு ஏட்டில் குறித்து வாருங்கள். ஊரிலுள்ள மற்ற கிணற்றுக்காரர்களையும் அவ்வாறே குறிக்கச் சொல்லி, அந்த ஏடுகளைக் கிராம சபையில் வைத்து, தடுப்பணை எங்கே வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.