உப்புக்காற்றுக்கு எந்த சோபா? வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வரவேற்பறை சோபா தொடர்பாக வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியுள்ளோம்.

உவர்மலை வாசகி: மூன்று வருடத்துக்கு முன் மண்ணிற லெதர் சோபா செற் ஒன்று வாங்கினோம். இப்போது கை வைக்கும் இடமும் தலை சாய்க்கும் இடமும் செதில் செதிலாக உரிகின்றன. வைகாசி, ஆனி வெக்கையில் பத்து நிமிடம் இருந்தாலே முதுகு நனைந்துவிடுகிறது. புதிதாக வாங்கப் போனால் கடையில் எந்தத் துணியைக் காட்டினாலும் ‘இது காற்றுப் போகும் துணி’ என்கிறார்கள். எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

உங்கள் வீட்டில் உரிந்துகொண்டிருப்பது லெதர் அல்ல. பின்னல் துணியின்மேல் பொலியூரிதேன் படலம் ஒட்டிய செயற்கைத் தோல். கடைகளில் பி.யூ. லெதர் என்பார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் கெதியாகச் சிதையும். தலையும் கையும் படும் இடங்கள் முதலில் போனது அதனால்தான். பசை பூசுவது, சாயம் அடிப்பது எல்லாம் வீண் செலவு. பக்கத்து இடம் அடுத்த மாரியில் உரியும். துணியின்மேல் பி.வி.சி. பூசிய ரெக்சின் இப்படி உரியாது. ஆனால் அதனூடாகக் காற்றும் போகாது, நாளடைவில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். கடலோர ஊர்களில் இந்த இரண்டையும் வாங்காமல் விடுவதே நல்லது.

துணியைக் கடையிலேயே சோதிக்கலாம். மாதிரித் துண்டை உதட்டோடு பொருத்தி ஊதுங்கள். மறுபக்கம் பிடித்த உள்ளங்கையில் காற்றுப் பட்டால் சரி. பிறகு துண்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நல்ல நெசவாக இருந்தாலும் பின்பக்கம் ரப்பர் போன்ற வழவழப்பான பூச்சு இருந்தால் அது ரெக்சினுக்குத் தம்பிதான். பருத்தியும் லினனும் கலந்த துணி, அல்லது பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்து சற்றுத் திறந்த நெசவாக நெய்த துணி நமது காலநிலைக்குப் பொருந்தும். வெல்வெற்றும், அதைப்போல மெதுமெதுப்பான செனில் துணியும் பார்க்க வடிவு. ஆனால் அவற்றின் மயிர்ப்பரப்பு சூட்டையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியின் உழைப்பை மார்ட்டின்டேல் என்ற உரசல் எண்ணால் குறிப்பார்கள். பிள்ளைகள் ஏறி இறங்கும் வீட்டுக்கு 25,000க்குக் குறையாமல் கேளுங்கள்.

துணியோடு தேர்வை முடித்துக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் இருக்கும்போது குசன் அமுங்கி, உள்ளே இருந்த காற்று வெளியேறவேண்டும். எழும்பும்போது புதுக்காற்று உள்ளே வரவேண்டும். அடியில் முழுப் பிளைவூட் பலகை அடித்திருந்தால் கீழ்ப்பக்கமாக அது நடக்காது. வியர்வை ஈரமும் ஃபோமின் அடியிலேயே தங்கிவிடும். ஆகவே கடையில் சோபாவைச் சரித்து அடியைக் காட்டச் சொல்லுங்கள். இலாஸ்டிக் பட்டியோ, ஸ்பிரிங்கோ, இடைவெளி விட்ட மரச் சட்டமோ இருக்கவேண்டும். அதற்குக் கீழே கட்டிய கறுப்புத் துணியினூடாகவும் காற்றுப் போகவேண்டும். பொலித்தீன் அடித்திருந்தால் வேண்டாம். குசன் சிப்பைத் திறந்தும் பாருங்கள். சில இடங்களில் உறையை இலகுவாக மாட்டுவதற்காக ஃபோமைப் பொலித்தீன் பையில் போட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். என்ன விலைத் துணி போட்டாலும் அந்தப் பை இருக்கும்வரை புழுக்கம்தான். கிழித்து எடுத்துவிடுங்கள்.

கிண்ணியா வாசகர்: ஃபோம் மாற்றப் போன இடத்தில் ‘கல்லுப் போல இருப்பதைப் போடுங்கள், அதுதான் நின்று பிடிக்கும்’ என்றார்கள். உண்மையா?

இல்லை. கடினம் வேறு, அடர்த்தி வேறு. கடினம் என்பது அமுக்கும்போது எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்பது. அடர்த்தி என்பது ஒரு கன மீற்றரில் எத்தனை கிலோ ஃபோம் இருக்கிறது என்பது. மலிவு ஃபோமையும் கல்லுப் போலச் செய்ய முடியும். ஆனால் உள்ளே சரக்குக் குறைவு என்பதால் ஒரு வருடத்துக்குள் நடுவில் குழி விழுந்துவிடும். இருக்கைக்கு 32 கிலோ அடர்த்தியும் நடுத்தரக் கடினமும் எடுங்கள். சாய்மானத்துக்கு 22 முதல் 25 வரை போதும்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை ஒரு தராசு சரிபார்த்துவிடும். 60 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 10 தடிப்புள்ள துண்டு 32 அடர்த்தியென்றால் உறை இல்லாமல் ஏறத்தாழ 1 கிலோ 150 கிராம் நிற்கும். 650 கிராம்தான் நின்றால் அது 18 அடர்த்தி. வேறு அளவென்றால் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் மீற்றரில் பெருக்கி, கிலோவில் எடுத்த நிறையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும். ‘ரீபொண்டட்’ எனப்படும், துண்டு ஃபோம்களை ஒட்டிய பலநிறக் கட்டி மட்டும் இந்தக் கணக்கை ஏமாற்றும். நிறை அதிகம், மேலே கடினம், காற்றோட்டமும் குறைவு. அதை அடியில் 1 அங்குலத் தட்டாக வைத்து மேலே நல்ல ஃபோம் போடலாம், முழு இருக்கையாகப் போடவேண்டாம்.

கையில் காசு இருந்தால் இயற்கை இறப்பர் லேற்றெக்ஸ் மெத்தைத் துண்டு. நமது நாட்டிலேயே செய்கிறார்கள். மேலிருந்து கீழாகத் துளைகள் இருப்பதால் காற்று ஊடுருவும், அமுங்கியது உடனே மீளும். ஆனால் வெயிலில் காயப் போட்டால் பொரிந்து தூளாகும். நிழலில் மட்டுமே உலர்த்தலாம்.

நிலாவெளி வாசகர்: வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஸ்பிரிங் வைத்த சோபா எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். வளைந்து வளைந்து போகும் கம்பி ஸ்பிரிங்குக்குப் பூச்சு அடித்திருப்பார்கள். அது சட்டத்தில் கொளுவியிருக்கும் கிளிப்பில் ஒவ்வொரு முறையும் உரசுகிறது. பூச்சு அங்கே தேய்ந்ததும் உப்பு ஈரம் பிடித்துக் கறள் ஏறும். முதலில் கிறீச்சிடும், பிறகு அந்த இடத்திலேயே முறியும். இலாஸ்டிக் பட்டியில் கறள் இல்லை. நாளடைவில் தொய்யும் என்பது அதன் குறை, ஆனால் மாற்றுவது சிறு வேலை. பட்டிகளை முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் பாய் பின்னுவதுபோல் பின்னியிருக்கவேண்டும். இடைவெளி 2 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. கடலுக்கு இவ்வளவு கிட்ட என்றால், எல்லாவற்றிலும் நல்லது 2 அங்குல மரச் சட்டங்களை 2 அங்குல இடைவெளியில் அடிப்பது. அதில் உடையவும் கறள் பிடிக்கவும் ஒன்றுமில்லை. அதற்கு மேலே மட்டும் ஃபோம் 5 அங்குலத் தடிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சட்டம் தொடையில் தெரியும்.

சட்டகம் தேக்கு, மஹோகனி போன்ற கட்டை மரம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் துகள் பலகையும் மாரியில் ஊதும், ஊதிய இடத்தில் ஸ்குறூ பிடிக்காது. ஸ்குறூ, ஸ்டேப்பிள் பின் எல்லாம் கறள் பிடிக்காத உருக்காகவும், சிப் நைலோனாகவும் இருக்கட்டும்.

அன்புவழிபுரம் வாசகி: அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் நோ. பிள்ளைகள் இப்போது வருகிற தாழ்ந்த, அகலமான ‘எல்’ வடிவ சோபாதான் வேண்டும் என்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு அது சரி, அம்மாவுக்குச் சரிவராது. புதிய மாதிரிகள் பலவற்றில் இருக்கை 24 அங்குலத்துக்கு மேல் ஆழம், 15 அங்குலம்தான் உயரம். அதில் பின்னால் சாய்ந்தால் இடுப்புக்குக் கீழே வெற்றிடம் விழுந்து முதுகு வளையும். சாயாமல் இருந்தால் நுனியில் குந்தியிருக்கவேண்டும். எழும்பும்போது முழுப்பாரமும் முழங்காலில்தான்.

அம்மாவையே கடைக்குக் கூட்டிப் போய் இருத்திப் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் முட்டியிருக்கும்போது பாதம் முழுவதும் தரையில் படவேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். சராசரி உயரமானவருக்கு இது 20 அங்குல ஆழத்தில் அமையும். முழங்கால் நோ உள்ளவருக்கு இருக்கை உயரம் 18 அங்குலம். இதை ஆள் இருந்து அமுங்கிய பிறகு அளக்கவேண்டும். வெறும் குசனை அளந்தால் 2 அங்குலம் கூடுதலாகக் காட்டும். கைப்பிடி இருக்கையிலிருந்து 7, 8 அங்குல உயரத்தில், முன்விளிம்புவரை நீண்டு, ஊன்றினால் ஆடாமல் நிற்கவேண்டும். மெத்தை வைத்த உருண்டைக் கைப்பிடி ஊன்றுவதற்கு உதவாது. இன்னொன்று பலர் பார்ப்பதில்லை: சோபாவின் முன்பக்க அடி திறந்திருக்கவேண்டும். எழும்பும்போது குதிக்கால் கொஞ்சம் பின்னுக்குப் போனால்தான் உடம்பு இலகுவாக முன்னுக்கு வரும்.

ஒரே செற்றில் எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் கேட்டதை எடுத்து, அம்மாவுக்கு மேற்சொன்ன அளவில் தனிக் கதிரை ஒன்றை ஓடாவியிடம் செய்வியுங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் போதும்.

தம்பலகாமம் வாசகர்: அப்பா காலத்துத் தேக்குச் செற் இருக்கிறது, மூன்று பேர் இருக்கும் நீளக் கதிரை ஒன்று, தனிக் கதிரை இரண்டு. விற்றுவிட்டுப் புதுசு வாங்கவா?

விற்காதீர்கள். மரத்தை ஆட்டிப் பாருங்கள். பொருத்துகள் தளர்ந்திருந்தால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மரப் பசை வைத்து இறுக்கி ஒரு நாள் கட்டிவைத்தால் போதும். கறையான் தடம் உள்ளதா என்று கால்களின் அடியையும் பாருங்கள். இருக்கை முழுப் பலகை என்றால் 4 அங்குலத்துக்கு ஒன்றாக 1 அங்குலத் துளைகள் போடுவியுங்கள். பிரம்புப் பின்னலாக இருந்து தொய்ந்திருந்தால், அறுபடாதவரை மாற்றத் தேவையில்லை. அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக் காயவிட்டால் சுருங்கி இறுகும்.

குசன் கணக்கு: 22க்கு 22, 4 அங்குலத் தடிப்பில் இருக்கை ஐந்து, 22க்கு 18 அளவில் சாய்மானம் ஐந்து. 54 அங்குல அகலத் துணியென்றால் இருக்கை ஒன்றுக்கு 90 சென்ரிமீற்றர், சாய்மானம் ஒன்றுக்கு 75. மொத்தம் எட்டேகால் மீற்றர். சுருங்குவதையும் வெட்டுப் பிழையையும் சேர்த்து 9 மீற்றர் எடுங்கள். கோடு, கட்டம் என்றால் கோடு பொருந்த இன்னும் 1 மீற்றர். பருத்தி கலந்த துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்தே தீரவேண்டும். தைத்த பிறகு கழுவினால் உறை சுருங்கி, சிப் மூடாது. உறையை ஃபோமைவிட அரை அங்குலம் சிறிதாகத் தைக்கச் சொன்னால் சுருக்கம் விழாமல் நிற்கும்.

மூதூர் வாசகி: கார்த்திகை, மார்கழியில் சோபாவின் பின்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் வருகிறது.

சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் குளிர்ந்து ஈரம் ஊறும், இடையில் காற்றும் இல்லை. 4 அங்குலம் தள்ளிப் போடுங்கள். கால்கள் 5 அங்குலமாவது உயரமாக இருந்தால் தும்புத்தடியும் போகும், காற்றும் போகும். இப்போது இருக்கும் பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டவேண்டாம்; வித்து மற்றக் குசன்களிலும் போய் இருக்கும். வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷால் துடைத்து, பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிற் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் மறைவான மூலையில் பரீட்சித்து, சாயம் போகாததைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிற் எரியக்கூடியது, அடுப்புப் பக்கம் வேண்டாம். பிளீச் நிறத்துணியைக் கெடுக்கும். ஃபோம் உள்ளேயே மணத்தால் கழுவிப் பயனில்லை, மாற்றவேண்டியதுதான்.

திருக்கடலூர் வாசகர்: வாசல் 2 அடி 8 அங்குலம். மூவர் சோபா உள்ளே போகுமா?

சோபாவின் நீளத்தை விடுங்கள். ஆழமும் உயரமும் தான் கணக்கு. இரண்டில் ஒன்று 30 அங்குலத்துக்குள் இருந்தால் நிமிர்த்தியோ சரித்தோ கொண்டுபோகலாம். வாசலைக் கடந்ததும் திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்று சோபாவின் நீளத்துக்குக் கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டும் 32க்கு மேல் என்றால் கால் கழற்றக்கூடியதா என்று கேளுங்கள். அப்போதும் உயரம் 32க்குக் கீழே இறங்காவிட்டால் இருவர் சோபா இரண்டாக எடுங்கள்.