அவர் முடிக்கும் முன்பே உங்கள் பதில் தயார்: பேச்சும் மூளையும், கேள்வி பதில்

கவிதா: ஒருத்தர் பேசி முடிச்சதும் உடனே பதில் சொல்லிடறோமே, அதுக்குள்ள மூளை எப்படி சார் யோசிக்குது?

முடித்த பிறகு யோசிப்பதில்லை, அதுதான் விஷயம். ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால், பெயர் வாயில் வர ஏறக்குறைய 600 மில்லிசெகண்ட் ஆகும். பேச்சில் ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்கும் இடைவெளியோ சுமார் 200. 2009-இல் வெளிவந்த ஆய்வில், பத்து மொழிகளில் ஆம்-இல்லை கேள்விகளுக்கான பதில்களை அளந்தார்கள். சராசரி 208 மில்லிசெகண்ட். அப்படியென்றால் எதிராளி பேசும்போதே பதிலைக் கட்டியாக வேண்டும். அவர் எங்கே முடிப்பார் என்று மூளை ஊகிக்கிறது, பதிலைத் தயாராக வைத்துக்கொள்கிறது, குரல் இறங்குவது, கடைசி அசை நீள்வது போன்ற அடையாளம் கிடைத்ததும் வாயைத் திறக்கிறது.

செந்தில்: தமிழில் வினை கடைசியில்தானே வருது? "வருவேனா, மாட்டேனா" முடியுற வரைக்கும் தெரியாதே?

நல்ல கேள்வி. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியம் இருந்தது. அதன் சராசரி வெறும் 7 மில்லிசெகண்ட், பத்திலும் வேகமானது. மெதுவானது டேனிஷ், 469. ஆக, வினை கடைசியில் வருவது தடையே இல்லை. தமிழிலும் முன்னே வரும் உருபுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். "அவனுக்குத் தலை" என்றதுமே "வலிக்குது" காதில் விழாமலே விழுந்துவிடுகிறது. "யாருமே" என்று தொடங்கினால் பின்னால் ஒரு "இல்லை"யோ "வரலை"யோ காத்திருக்கிறது.

ஃபாத்திமா: வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஆரம்பிச்சு, ஒரே சமயத்துல நிறுத்திடறோம். ஏன்?

தொலைபேசிக்கான சர்வதேசப் பரிந்துரை, ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அது 300 ஆகிவிட்டால், போய்த் திரும்ப 600. நீங்கள் நிறுத்திய பிறகு அவர் வழக்கமான வேகத்தில் பதில் சொன்னாலும், உங்களுக்கு முக்கால் செகண்டுக்கு மேல் மௌனம். "சரி, அவர் பேசப்போவதில்லை" என்று நீங்கள் மறுபடி தொடங்கும் நேரம் பார்த்து அவர் குரல் வந்து மோதும்.

இதில் இன்னொரு சங்கடம்: நேரில் "இல்லை"கள் "ஆம்"களைவிடத் தாமதமாக வரும். அதனால் நீண்ட இடைவெளியை மூளை தயக்கமாகவே படிக்கிறது. குற்றம் இணைப்புடையது, கெட்ட பெயர் எதிராளிக்கு.

செய்ய வேண்டியது: வைஃபைக்குப் பதில் கேபிள். ப்ளூடூத் ஹெட்செட் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும், வயர் உள்ளதே மேல். கேள்வியின் கடைசியில் பெயர் சொல்லுங்கள்: "நீங்க என்ன நினைக்கிறீங்க, மீனா?" பிறகு மனதுக்குள் இரண்டு எண்ணும் வரை பேசாதீர்கள். இருவர் மட்டும் பேசினால் மியூட் வேண்டாம்; "ம்" கேட்காவிட்டால் பேசுபவர் தடுமாறுவார்.

பிரபு: கண்ணாடி நியூரான்தான் பரிவுக்குக் காரணமாமே?

1990-களில் இத்தாலியின் பார்மாவில், மக்காக் குரங்குகளில் கண்டது: தானே ஒன்றை எடுக்கும்போதும், பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் கிளர்ந்த மூளை செல்கள். அவைதான் கண்ணாடி நியூரான்கள். அங்கிருந்து, மனிதரின் பரிவுக்கும் அதுவே காரணம் என்று தாவியது அவசரம்.

லதா: அமிக்டலா போனா பயந்த முகம் அடையாளம் தெரியாதா?

அமிக்டலா என்பது மூளைக்குள் இரு பக்கமும் உள்ள ஒரு சிறு பகுதி. எஸ்.எம். என்று ஆய்வுகளில் குறிப்பிடப்படும் பெண்ணுக்கு, அரிய நோயால் இரு பக்க அமிக்டலாவும் சேதம். பிற உணர்ச்சிகளை ஓரளவு கண்டுகொண்டவர் அச்சத்தில் தடுமாறினார். 2005-இல்தான் காரணம் பிடிபட்டது: அவர் பார்வை எதிரில் இருப்பவரின் கண்களுக்குப் போகவே இல்லை. அச்சம் தெரிவது பெரும்பாலும் விரிந்த கண்களில். "கண்களைப் பாருங்கள்" என்று சொன்னதும் சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் பார்வை மறுபடி விலகிவிட்டது.