புழு விடுவதற்கு முன் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள்

கேள்வி: வீட்டின் பின்பக்கம் ஒரு கம்போஸ்ட் தொட்டி வைத்திருக்கிறேன். மூடி உண்டு, அடிப்பக்கம் திறந்தது, நேராக மண்மேல் நிற்கிறது. நான்கு மாதமாகியும் காய்கறித் தோலும் காய்ந்த இலையும் போட்டபடியே கிடக்கின்றன. தோட்டத்தில் குழி வெட்டியபோது கிடைத்த பத்துப் பதினைந்து மண்புழுக்களை உள்ளே விட்டேன், ஒரு வாரத்தில் ஒன்றைக்கூடக் காணோம். காசு கொடுத்துத்தான் புழு வாங்க வேண்டுமா?

பதில்: அவை செத்திருக்க வாய்ப்புக் குறைவு, கீழே மண்ணுக்குள் திரும்பிப் போயிருக்கும். மண்புழு என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒரே மாதிரி வாழ்வதில்லை. குழி வெட்டும்போது கிடைப்பவை பெரும்பாலும் மண்ணைத் தின்று மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை, அவற்றுக்குக் குப்பைக் குவியல் வீடே கிடையாது. உங்கள் தொட்டிக்கு வேண்டியது மேல்மட்டத்தில், மக்கும் இலைக்கும் பழைய சாணத்துக்கும் நடுவில் வாழும் வகை. ஒல்லியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். ஐசீனியா ஃபெடிடா என்ற இனத்தில் உடம்பு முழுக்க வெளிர் மஞ்சள் வளையங்கள் தெரியும். (ஃபெடிடா என்றால் லத்தீனில் நாற்றமடிப்பது. பிடித்து அழுத்தினால் ஒரு கெட்ட வாடையுள்ள திரவத்தை விடும், அதனால் வந்த பெயர்.) யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவையும் உரத்துக்கு வளர்க்கப்படுகிற புழுக்கள்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது புழு அல்ல, அந்த நான்கு மாதம். நான்கு மாதமாக எதுவும் அழுகவில்லை என்றால் அந்தத் தொட்டியில் எந்தப் புழுவை விட்டாலும் பட்டினிதான். புழுவுக்குப் பல் இல்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் முதலில் வேலை செய்து பொருளை மெத்தென்று ஆக்கிக் கொடுத்தால்தான் அதனால் விழுங்க முடியும், அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் அது தின்கிறது. அதனால் புழுவைத் தேடுவதற்கு முன் தொட்டியின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிய வேண்டும். உதிர்ந்து போனால் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம், உங்களுடையது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூடி போட்ட தொட்டிக்குள் மழை விழாது, காய்ந்த இலை இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எறும்பு குடியேறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, இலையை நொறுக்கி, தண்ணீர் தெளித்து, பச்சைக் கழிவைச் சின்னதாக நறுக்கிக் கலந்து திரும்பப் போடுங்கள். கூடவே ஒரு கை தோட்டத்து மண்ணும். பல்லில்லாத புழு அதிலுள்ள மணலை விழுங்கி, அரைவைப்பைக்குள் வைத்துத்தான் உணவை அரைக்கிறது.

இப்படிச் செய்த பிறகு குவியல் சூடாகலாம். பெரிய குவியல் என்றால் உள்ளே 55, 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். அது நல்ல அறிகுறி, ஆனால் அப்போது புழு விடவே கூடாது. 35 டிகிரியைத் தாண்டினாலே இந்தப் புழுக்கள் தவிக்கும், 15 முதல் 25 வரைதான் ஐசீனியாவுக்கு இதம். நான் முதல்முறை இதைக் கவனிக்காமல் சூடான குவியலின் நடுவில் புழுக்களைக் கொட்டி, மறுநாள் அத்தனையும் இறந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது. உள்ளே விட்ட கைக்குக் குளிர்ச்சியாகப் படும் வரை காத்திருங்கள்.

சரி, வாங்க வேண்டுமா? அடி திறந்த தொட்டிக்கு அவசியமில்லை என்பதுதான் என் கருத்து. ஈரமும் உணவும் சரியாக இருந்தால், அக்கம்பக்கத்தில் இந்த வகை இருக்கும்பட்சத்தில், தானாகவே ஏறி வரும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் புழு உள்ள தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது பாதி மக்கிய உரம் ஒரு வாளி கேளுங்கள். அதில் புழுவும் இருக்கும், எலுமிச்சை வடிவில் பொடிப்பொடியாக முட்டைக்கூடுகளும் இருக்கும். ஒரு கூட்டிலிருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று குஞ்சுகள் வரும் என்பதால் வாளியில் வருவது சில மாதங்களில் பெருகிவிடும்.

கேள்வி: புழு விட்ட அன்றிரவே பாதி மூடியில் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தப்பிக்கப் பார்க்கிறதா?

பதில்: ஆமாம். புது இடம் என்பதால் முதல் ஓரிரு நாள் இப்படி அலைவது வழக்கம். மண்புழுவுக்குக் கண் இல்லாவிட்டாலும் தோலில் ஒளியை உணரும் செல்கள் உண்டு. மூடியைத் திறந்து வைத்து மேலே ஒரு விளக்கை எரிய விடுங்கள், கீழே இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்தும் ஏறினால், அதோடு நாற்றமும் அடித்தால், கீழே காற்றில்லை. புழு தோலால் சுவாசிக்கிறது, ஈரமில்லாமலும் முடியாது, தண்ணீர் தேங்கினாலும் மூச்சு முட்டும். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு, முள்கரண்டியால் மெல்லக் கிளறிவிடுங்கள்.

கேள்வி: எதைப் போடக் கூடாது?

பதில்: உப்பு, எண்ணெய், இறைச்சி. எலுமிச்சைத் தோலும் வெங்காயமும் கொஞ்சமாகப் போனால் பரவாயில்லை, குவித்துக் கொட்டாதீர்கள். பலரும் யோசிக்காத ஒன்று சாணம்: மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த சமயத்தில் எடுத்தது வேண்டவே வேண்டாம், அந்த மருந்து சாணத்தோடும் வெளியேறும், உங்கள் புழுக்களுக்கும் அது ஆகாது.

கேள்வி: மண்வெட்டி பட்டு இரண்டாக வெட்டுப்பட்டால் இரண்டு புழு ஆகுமாமே?

பதில்: ஆகாது. தலைப்பக்கம் போதுமான நீளம் இருந்தால் அது பிழைத்து வால் வளர்க்கலாம், வால்பக்கம் அநேகமாகச் செத்துவிடும். தொட்டிக்குள் மண்வெட்டி போடாதீர்கள்.

கேள்வி: உரம் தயாரானதும் புழுவைப் பிரிப்பது எப்படி? உரம் போட்ட இடமெல்லாம் தக்காளிச் செடி முளைக்கிறதே?

பதில்: தொட்டியில் ஒரு பக்கம் மட்டும் புது உணவு போட்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், மறுபக்கத்தை அள்ளிக்கொள்ளலாம். அவசரம் என்றால் உரத்தை வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்து, புழு உள்ளே இறங்க இறங்க மேலே உள்ளதை வழித்தெடுங்கள். தக்காளி முளைப்பதற்குக் காரணம், புழுத் தொட்டி சூடாவதில்லை, அதனால் விதை சாவதில்லை. களைச்செடி விதைக்கும் இதே கதைதான், எனவே விதை பிடித்த களையை அதில் போடாமல் தனியாகச் சூடேறும் குவியலில் போடுங்கள். முளைத்த தக்காளியை மட்டும் பிடுங்கி எறிய வேண்டாம், நல்ல இடமாகப் பார்த்து நட்டு வையுங்கள்.