வெண்புள்ளிக் களிம்பை இரண்டு மாதத்தில் நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. கண் இமைக்கு மேலேயும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி. தோல் டாக்டர் டாக்ரோலிமஸ் களிம்பு எழுதினார். இரண்டு மாதமாகியும் நிறம் வரவில்லை. மருந்துடன் வந்த தாளில் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. 40 நாளில் குணமாக்கும் மூலிகைக் களிம்பை கூரியரில் வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். வெண்புள்ளியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தரும் செல்களைத் தாக்குகிறது. டாக்ரோலிமஸ் அந்தத் தாக்குதலைத் தடவிய இடத்தில் மட்டும் அடக்குகிறது. அப்புறம்தான் புதிய செல்கள் வந்து சேர வேண்டும். முகத்தில் மூன்று மாதத்தில் மாற்றம் தெரியலாம். பலன் உண்டா இல்லையா என்று முடிவெடுக்க ஆறு மாதமாவது வேண்டும்.

புற்றுநோய் எச்சரிக்கை 2006இல் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டது. இதே மருந்தை உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு உள்ளுக்குக் கொடுத்தபோது கண்டதை வைத்து முன்னெச்சரிக்கையாகப் போட்டது. களிம்பாகத் தடவிய குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்ததில் அந்த பயம் உறுதிப்படவில்லை. தைரியமாகத் தடவுங்கள்.

ஆனால் விரல் நுனி விஷயம் வேறு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புதிய நிறச் செல்கள் பெரும்பாலும் முடியின் வேர்க்காலிலிருந்துதான் கிளம்பி வருகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது முதலில் முடியைச் சுற்றிச் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டுகளாகத் தெரியும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடியே இல்லை. அங்கே எந்தக் களிம்பும் தடுமாறும். முடி உள்ள இடத்திலும் அந்த முடியே வெளுத்திருந்தால் வேர்க்காலில் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் மகளின் இமைக்கு மேலே உள்ள முடி கறுப்பா வெள்ளையா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம். விரலைப் பார்த்துவிட்டு முகத்துக்கான மருந்தை நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

இனி அந்த 40 நாள் களிம்பு. 2022இல் அமெரிக்காவில் வெண்புள்ளிக்கென்றே அனுமதி பெற்ற ரக்சோலிட்டினிப் களிம்பிலேயே, 24 வாரம் தடவியபின் முகத்தில் முக்கால்வாசி நிறம் திரும்பியவர்கள் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர்தான். அப்படியிருக்க 40 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? லேபிள் இல்லாத டப்பாவில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, வீரியமான ஸ்டீராய்டு. அதை இமையருகே விடாமல் தடவினால் தோல் மெலியும், கண் அழுத்தம் கூடும். இல்லையென்றால் கார்போகரிசி என்ற மூலிகை விதை. அதைத் தடவி வெயிலில் நின்றால் கொப்புளம் கிளம்பும், அந்தக் காயத்திலேயே புதிய வெண்புள்ளி வரலாம். அந்த ஆள் உங்கள் பயத்தைத்தான் விற்கிறார்.

வெண்புள்ளியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. இருந்தும் லாட்ஜில் முகாம் போடுகிறார்கள், நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். யாரும் கேட்பதில்லை. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் உத்தரவு வந்தது. இன்றும் மெடிக்கல் ஷாப்பில் "வெள்ளைத் தேமலுக்கு ஒண்ணு குடுங்க" என்றால் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கையில் வந்துவிடுகிறது. சட்டம் போட்டவர்கள் கடைப்பக்கம் போய்ப் பார்த்தால் என்ன?

டாக்ரோலிமஸ் தடவும்போது வரும் எரிச்சல் சாதாரணமாக முதல் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஈரத் தோலில் தடவினால் கூடும் என்பதால் நன்றாகக் காய்ந்தபின் மெல்லியதாகத் தடவுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாம் மாதம் அதை டாக்டரிடம் காட்டி, விரல்களுக்கு நேரோபேண்ட் என்ற புற ஊதா ஒளி சிகிச்சை சேர்க்கலாமா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலும் விசாரித்துப் பாருங்கள்.